ஸ்டாண்ட்பைன்னு சொன்னது

ஆகஸ்ட் 28, வியாழன்

காலைல 11.52. நியூஸ் வந்த நேரம். போன வாரம் செவ்வாய்.

இன்னிக்கு வெயில். புழுக்கம். மத்யானத்துக்கு மேல மேகம் கட்டுது, பெய்ய மாட்டேங்குது. கேன் தண்ணி சொல்லணும். சொல்லல.

லாக்புக்ல 19ந்தேதி வரி காலியா கீது. பைலட்டு பறந்த மணி எல்லாம் அதுல ஏத்தியே ஆவணும், ரூல். மூணு வாட்டி எடுத்தேன். பேனா மூடிய தொறந்தேன், மூடிட்டேன். அதனால இதுல.

10.07 – ரே. கால். 14 செகண்ட்.
10.26 – வண்டி நகந்துது.
10.35 – மேல எழும்புனது.
10.39 – போரூர் ஏரி தாண்டி. கீழ நூம்பல். நம்ம ஊடு.
11.31 – சேலம். நின்னாச்சு.
11.52 – போன் ஆன்.

11.31க்கும் 11.52க்கும் நடுவுல இருபத்தோரு நிமிஷம். இன்னா பண்ணேன்? கேப்டனாண்ட லேண்டிங் பத்தி பேசிகினு இருந்தேன். நான் எறக்குனது. வெண்ண மேரி எறங்குச்சு. அவரு கை குடுத்தாரு. காபி வந்துது. பிஸ்கட் வேற.

ஆன் பண்ண உடனே ஊட்டுக்காரம்மா. கீழ் போர்ஷன்ல கீற ஓனரம்மா. எப்பவும் மோட்டர் நிறுத்தலன்னு சொல்லத்தான் கூப்புடுவாங்க. "தம்பி, எங்க பா கீற? ரேவதி உழுந்துட்டுது பா. ஆஸ்பத்திரிக்கு தூக்கினு வந்தோம். இல்லன்றாங்க பா."

எது இல்லன்னு கேட்டேன். நெஜமாவே புரியல.

மூளைல ரத்தக் கொழா வெடிச்சுதாம். வயசு 28. எங்களுக்கு கல்யாணம் ஆயி ரெண்டு வருசம். பிபி கெடையாது, சுகர் கெடையாது. 11.10க்கு ஊட்டுக்காரம்மா மாடிக்கு துணி எடுக்க போனப்போ பாத்தாங்க. டாக்டர் சொன்னாரு: ஒரு மணி நேரம் முன்னாடி கொண்ணாந்திருந்தா முயற்சி பண்ணிருக்கலாம், ஆனா சொல்ல முடியாது. அந்த "சொல்ல முடியாது"வ புடிச்சிகினு ஒன்பது நாளா தொங்கறேன்.

அந்த 14 செகண்ட். எழுதிடறேன்.

வண்டி தரையில. ஹோட்டல் மோடு. ஒரு இன்ஜின் ஓடும், ஆனா ப்ரொப்பெல்லர பிரேக் போட்டு புடிச்சு வெச்சிருப்போம். ஏசிக்கும் கரண்டுக்கும் அதுலருந்து எடுப்போம். (ரே. மொத வாட்டி கேட்டப்போ: "ஹோட்டலா? இட்லி கெடைக்குமா பா?") நான் கம்ப்யூட்டர்ல எடை கணக்கு ஏத்திகினு இருந்தேன். போன் தொடை மேல. எடுத்தேன்.

"பா, பின்னந்தல இடிக்குது. இந்த மேரி வந்ததே இல்ல."

"ஸ்டாண்ட்பை."

கட்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பால் திரிஞ்சுட்டுது. கீழ கொட்டுனேன். தெருவுல பிள்ளையார் வெச்சிகீறாங்க. காலைல ஆறு மணிலருந்து ஸ்பீக்கர். எல்லா ஊட்டுக்கும் சுண்டல் போச்சு, நம்ம படி ஏறல. தீட்டு. நல்லதாப் போச்சு.

நேத்து எழுதுனத படிச்சேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எழுதல.

ரேடியோல "ஸ்டாண்ட்பை"ன்னா: இரு, நானே கூப்புடுறேன். அது வரைக்கும் நீ கூப்டாத. ஆமாவும் கெடையாது, இல்லயும் கெடையாது. டவர்ல அந்த வார்த்த சொல்லிட்டா வாய மூடிகினு காத்துகினு இருக்கணும். திரும்பக் கூப்ட்டா திட்டு.

கல்யாணம் ஆன புதுசுல ரே.க்கு இத நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவளுக்கு ரொம்பப் புடிச்சு போச்சு. சோறு போடுடின்னா "ஸ்டாண்ட்பை, குக்கர் இன்னும் ரெண்டு விசில்". சண்டையில கூட. நான் கத்துனா கைய தூக்கி "ஸ்டாண்ட்பை"ன்னுட்டு உள்ள போய்டுவா. நான் ஹால்லயே உக்காந்திருப்பேன். அரை மணி கழிச்சு வந்து "இப்போ சொல்லு". ரெண்டு வருசத்துல ஒரு வாட்டி கூட ரெண்டு பேரும் ரூல மீறல.

அவ மீறல. அதான். 10.07க்கு அப்புறம் எனக்கு கால் வரல. மெசேஜும் இல்ல. ஊட்டுக்காரம்மாவ கூட கூப்டல, ஒரு மாடி கீழ. நான் கூப்புடுவேன்னு காத்துகினு இருந்தா.

நான் மறந்துட்டேன். எடை கணக்கு, அப்பால செக்லிஸ்ட், அப்பால கதவு மூடுனாங்க. போன் ஆஃப்.

சாயந்திரம் அத்தை வந்தாங்க, ரே. அம்மா, டிபன் கேரியரோட. அம்பத்தூர் எஸ்டேட்ல எக்ஸ்போர்ட் கம்பெனி, செக்கிங் செக்ஷன். வேல முடிஞ்சு மண்ணூர்பேட்டைக்கு கூட போவாம நேரா இங்க. கழுத்துல ஐடி கார்டு அப்படியே. புடவைல நூல் ஒட்டிகினு.

சாப்புடறத பாத்துகினே உக்காந்திருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"மாப்ள, ஒண்ணு கேக்கவா. அன்னிக்கு உங்களுக்கு ஸ்டாண்ட்பை தான? அப்புறம் எப்படி பிளைட்டுக்கு போனீங்க?"

கைல இருந்த சோத்த தட்டுல வெச்சேன்.

"ரேவதி எனக்கு போன் பண்ணா. பத்து மணிக்கு மேல. தலவலிமான்னா. மாப்ளையாண்ட சொன்னியாடின்னேன். சொன்னேன், ஸ்டாண்ட்பைன்னாரு அப்டின்னா. சரி, ஊட்ல கீறாருன்னு நெனச்சேன். தைலம் தேச்சிக்கோன்னு வெச்சிட்டேன்."

ஸ்டாண்ட்பைக்கு இன்னொரு அர்த்தம் கீது. டூட்டி. யூனிஃபார்ம் அயர்ன் பண்ணி வெச்சிகினு, கம்பெனி கூப்புடுமான்னு ஊட்லயே கெடக்கற நாள். மாசத்துல நாலஞ்சு. ஏரோப்ளேன் பத்தி அத்தைக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்த அது. மாப்ள ஸ்டாண்ட்பைன்னா பொண்ணு தனியா இல்ல.

"கம்பெனில திடீர்னு கூப்ட்டுட்டாங்களா மாப்ள?"

அவங்களே குடுத்தாங்க பதில. நான் தலைய மட்டும் ஆட்டுனேன். வாயால சொல்லல. அது பொய்ல சேருமா? சேரும்.

"பாவிங்க. உடம்பு முடியாத பொண்ண உட்டுட்டு வர வெச்சிட்டானுங்களே." அப்பால எனக்கு ரசம் ஊத்துனாங்க.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காத்தால தூறல். ரெண்டு மணிக்கு பிள்ளையார தூக்கினு போனாங்க. டிரம்ஸ். ஜன்னல் கண்ணாடி அதுருச்சு. இன்ஜின் ஸ்டார்ட் பண்ணும்போது வர்ற அதே அதிர்வு, பல்லுல தெரியும்.

செய்ய வேண்டியது:
கேன் தண்ணி (இன்னும் சொல்லல)
புதன் 16ம் நாள் காரியம். ஐயர் லிஸ்ட்.
ரே. ஆபீஸ் லேப்டாப் திருப்பிக் குடுக்கணும்.
பாத்ரூம் வாசல்ல அவ செருப்பு. எடுக்கறதா வேணாவா.

போன் 19லருந்து ஆஃப் பண்ணல. ஃப்ளைட் மோடும் போடல. ராவும் பகலும் சார்ஜர்ல.

குமரன் வந்தான். ரே. தம்பி. ஐடி கம்பெனி, அம்பத்தூர்லயே. ஷூ கூட கழட்டல.

"மாமா, உங்க கம்பெனிக்கு மெயில் போட்டுட்டேன்."

"இன்னா மெயில்?"

"ஸ்டாண்ட்பைல கீறவர, பொண்டாட்டிக்கு உடம்பு முடியாதப்போ எதுக்கு கூப்ட்டீங்கன்னு. எவன் கூப்ட்டான்னு பேரு வேணும். உடமாட்டேன் மாமா."

"வேணாம் மச்சான்."

"நீங்க பயப்படாதீங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது. நாங்க கேக்கறோம், நீங்க இல்ல." தோள்ல கை வெச்சான். என்ன விட நாலு வயசு சின்னவன். அந்த கை சூடா இருந்துது. தட்டி உடணும்னு தோணுச்சு. அதுக்குக் கூட தெம்பு வரல.

போவும்போது "அழுதுடுங்க மாமா, அடக்கி வெக்காதீங்க"ன்னான். அடக்கல. வரல. அவ்ளோதான்.

ப்ரொப்பெல்லர் வண்டில இன்ஜின் செத்துட்டா மொத வேல, பிளேட திருப்பி கத்தி மேரி காத்துக்கு நேரா வெக்கறது. ஃபெதர் பண்றதுன்னு பேரு. இல்லன்னா செத்த ப்ரொப்பெல்லர் காத்த தடுத்து வண்டியவே ஒரு பக்கமா இழுத்து உட்டுடும். ஃபெதர் பண்ணிட்டா இழுக்காது. தள்ளவும் தள்ளாது. சும்மா நிக்கும். பன்னண்டு நாளா அப்டித்தான் கீறேன்.

ரே. ஒரே வாட்டிதான் என் வண்டில வந்தா. தூத்துக்குடி, அவ பிரெண்டு கல்யாணம். ப்ரொப்பெல்லர் பக்கத்து ஜன்னல் சீட்டு, கேட்டு வாங்குனா. எறங்குன உடனே சொன்னா: "பா, ரெண்டு மிக்ஸில ஒண்ணு ஸ்பீடு கம்மி. உவ்வ், உவ்வ்னு ஏறி எறங்குது." அசந்துட்டேன். நெஜம். ரெண்டு ப்ரொப்பெல்லரும் இம்மியளவு மாறி சுத்துனா அந்த சத்தம் வரும். எங்கப்பா முப்பது வருசம் லேத்து ஓட்டுனவரு, அவரு காதுக்கு தெரியும். சாஃப்ட்வேர் பொண்ணுக்கு எப்டி தெரிஞ்சுதோ.

மொட்ட மாடில துணி காயப் போடும்போது சத்தத்த வெச்சே சொல்லுவா. இது ஜெட்டு. இது உன் மிக்ஸி.

10.39க்கு ஊட்டுக்கு மேல போனேன். எட்டிப் பாத்தேன், எப்பவும் பாப்பேன். அவளுக்கு கேட்டிருக்குமா? கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். போய்ட்டான், இனிமே கூப்புட மாட்டான்னு.

இதுக்கு மேல இன்னிக்கு எழுத முடியாது.

செப்டம்பர் 1, திங்கள்

கேன் தண்ணி வந்துது. ரெண்டு.

கேப்டன் கால். அன்னிக்கு கூட இருந்தவரு. நல்ல மனுசன். மொதல்ல சாப்ட்டியா, தூங்குனியா. அப்புறம்:

"பிரபு, ஒரு மெயில் வந்திருக்குப்பா. உன் மச்சான் பேரு. உன்னை ஸ்டாண்ட்பைலருந்து கூப்ட்டோம்னு. டூட்டி ரோஸ்டர்ல உனக்கு சேலம் பிளைட் ஒரு வாரம் முன்னாடியே போட்டிருக்கே. யார் அப்படி சொன்னது?"

"தெரில கேப்டன்."

"ரோஸ்டர் போடற பொண்ணு காலைலருந்து அழுதுக்கிட்டிருக்கு. தப்பு தன் மேலயோன்னு பழசெல்லாம் தேடிக்கிட்டு இருக்கு. ரோஸ்டர் காப்பியோட பதில் போடச் சொல்றாங்க. காரியம் முடியட்டும்னு நான் நிறுத்தி வெச்சிருக்கேன். வியாழக்கிழமை போயிடும்."

சரின்னேன்.

"அப்புறம், சிமுலேட்டர் டெஸ்ட் டேட் வருது. இந்த மாசம் பண்ணலன்னா உன் ரேட்டிங் போயிடும், ஓட்ட விடமாட்டாங்க. அவசரம் இல்ல, வியாழன் சொல்லு. திரும்ப ஏறு பிரபு. ஓட்டுனா சரியாகும்."

ஓட்டுனா சரியாவும். அவருக்குத் தெரியாது, ஓட்டறது எனக்கு எவ்ளோ புடிக்கும்னு. அதான் பிரச்சனையே.

ஜெட் ஓட்டறவனுங்க நம்மள டேபிள் ஃபேன்னு கிண்டல் பண்ணுவானுங்க. பண்ணட்டும். ஜெட்ல லீவர தள்ளுனா யோசிச்சு யோசிச்சு ஏறும். இதுல தள்ளுன உடனே. பக்கத்துக்கு ரெண்டாயிரத்து ஐநூறு குதிரைக்கு மேல. ஆறு ஆறு பிளேடு காத்த கடிச்சு ரெக்கை மேல வாரி எறியும். ஆடி மாசம் தூத்துக்குடில காத்து பக்கத்துலருந்து அடிக்கும். மூக்க காத்துப் பக்கம் திருப்பி, நண்டு மேரி சாஞ்சு வரணும், கடைசி செகண்ட்ல நேராக்கணும். ஒரு வாட்டி சக்கரம் தொட இன்னும் பத்தடி, காத்து வண்டிய அப்டியே தூக்குச்சு. கேப்டன் சொல்றதுக்கு முன்னாடி என் கை லீவர தள்ளிட்டுது. பதினெட்டு டன்னு சங்கிலி அவுத்த நாய் மேரி எகிறுச்சு. அடிவயித்துல ஒரு சிரிப்பு. ஊட்டுக்கு வந்து ரே.யாண்ட கைய ஆட்டி ஆட்டி சொன்னேன். "உனக்கு நானா மிக்ஸியா?"ன்னா. ஸ்டாண்ட்பைன்னேன். தலகாணியால அடிச்சா.

யாராண்டயும் சொல்ல முடியாதது ஒண்ணு கீது. 19ந்தேதி, 10.35. லீவர தள்ளுனேன். முதுகு சீட்ல ஒட்டுச்சு. அதே சிரிப்பு. ரே. தலவலி, அந்த 14 செகண்ட், எதுவுமே ஞாபகத்துல இல்ல. சுத்தமா இல்ல. சந்தோசமா இருந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ரெண்டு வாரம் ஆச்சு. மழ. ஒரு மணி நேரம் நல்லா பேஞ்சுது. ரோட்ல மெட்ரோ தூணாண்ட முட்டி வரிக்கும் தண்ணி.

கணக்கு போட்டேன். போடாம இருக்க முடில. அத்தைக்கு ரே. கால் 10.09, அவ போன்ல பாத்தேன். பர்மிஷன் போட அஞ்சு நிமிஷம். ஷேர் ஆட்டோ மாறி வந்தா முக்கா மணி. 10.59. ஊட்டுக்காரம்மா பாத்தது 11.10.

நான் ஸ்டாண்ட்பைன்னு சொல்லாம "பறக்கப் போறேன், அம்மாவ கூப்புடு"ன்னு சொல்லிருந்தா. அதுவும் ரெண்டு செகண்ட் தான்.

நாளைக்கு சொல்லணும். வியாழன் மெயில் போறதுக்கு முன்னாடி. மெயில்ல படிச்சு அவங்க தெரிஞ்சிக்கக் கூடாது.

கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாத்தேன். "அத்தை, அன்னிக்கு." அதுக்கு மேல வரல. பல்லு வெளக்கிட்டு வந்துட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

காரியம். குளத்தாண்ட. எட்டரைக்கு ஆரமிச்சு பதினொண்ணுக்கு முடிஞ்சுது. ஐயர் ரே. பேர ரெண்டு வாட்டி தப்பா சொன்னாரு, ரோகிணின்னு. மூணாவது வாட்டி குமரன் கத்திட்டான்.

சொந்தக்காரங்க பேச்சு, காதுல உழுந்தது:
"கம்பெனிக்காரன் கூப்ட்டா போய்தான ஆவணும். அவரு இன்னா பண்ணுவாரு."
"வடையில உப்பே இல்ல."
"சின்ன வயசு. ஒரு வருசம் போவட்டும், பாப்போம்."

அத்தை எல்லாராண்டயும் அதையே சொல்லிகினு இருந்தாங்க. கம்பெனி, கம்பெனி. ஒவ்வொரு வாட்டியும் என்ன காட்டி.

சாப்பாடு முடிஞ்சு எல்லாம் போனப்புறம் மாடில அத்தையும் குமரனும் மட்டும். அத்தை வாழ எல மடிச்சிகினு இருந்தாங்க. சொன்னேன். நின்னுகினே சொன்னேன்.

"அத்தை, அன்னிக்கு எனக்கு டூட்டிதான். கம்பெனி கூப்டல. ரேவதி பேசுனப்போ நான் பிளைட்டுக்குள்ள கீறேன். இரு, அப்பால பேசறேன்னு சொல்றதுக்கு ஸ்டாண்ட்பைன்னு சொன்னேன். எங்க பாஷ அது. அததான் உங்களாண்ட சொன்னா. நான் திரும்பக் கூப்டல. மறந்துட்டேன்."

குமரன்: "இன்னா மாமா சொல்றீங்க? மெயில்லாம் போட்டு... இன்னா மாமா." திரும்பி செவுத்த பாத்துகினு நின்னான்.

அத்தை எலய கீழ வெச்சாங்க.

"அப்ப நீங்க ஊட்ல இல்ல."

"இல்ல அத்தை."

"நான் வந்துருப்பேன். பர்மிஷன் போட்டுகினு பதினோரு மணிக்குள்ள வந்துருப்பேன்." அவங்களும் கணக்கு போட்டு வெச்சிருந்தாங்க. என் கணக்குக்கும் அவங்க கணக்குக்கும் ஒரு நிமிஷம்தான் வித்யாசம்.

"அவ என்னாண்ட பொய் சொல்லிட்டாளோன்னு கூட நெனச்சேன். நான் வேலய உட்டுட்டு வரக் கூடாதுன்னு சொன்னாளோன்னு. செத்தவ மேல கோவப்பட்டேன் பா."

கீழ யாரோ பாத்திரம் தேய்க்கற சத்தம்.

"இத்தினி நாளு கம்பெனிய திட்டிகினு இருந்தேன். திட்டுனா கொஞ்சம் தூக்கம் வந்துது. இப்போ நா யார திட்டறது, சொல்லு. உன்னயா? என்னயா?"

"என்ன திட்டுங்க அத்தை."

"இப்போ ஒண்ணும் பேசாத. நானே கூப்புடுறேன். அது வரிக்கும் நீ கூப்டாத."

எழுந்து போய்ட்டாங்க. குமரன் பின்னாடியே. காலைல எடுத்தாந்த டிபன் கேரியர மறந்து உட்டுட்டாங்க.

நீன்னு சொன்னாங்க. ரெண்டு வருசத்துல மொத வாட்டி.

இரு, நானே கூப்புடுறேன், நீ கூப்டாத. அவங்களுக்குத் தெரியாது அவங்க இன்னா சொன்னாங்கன்னு.

செப்டம்பர் 4, வியாழன்

மேகம். காத்து இல்ல.

காலைல ஆறுலருந்து போன் முன்னாடி. ரே. எங்க உக்காந்திருப்பா? கட்டில்லயா, இந்த சேர்லயா. பின்னந்தலைய புடிச்சிகினு இருந்தாளா. போன கைல வெச்சிருந்தாளா, டேபிள் மேலயா. நான் பத்து மணி நேரமா கூப்டாம உக்காந்திருக்கேன். வலி ஒண்ணும் இல்லாமயே முடில.

பேங்க் கால். கூரியர் கால், ரே. ஆர்டர் பண்ண ஏதோ. வாங்கிகினேன், பிரிக்கல.

கேப்டனுக்கு மெசேஜ் போட்டேன்: மெயில் தப்பு, தப்பு என்னுது, ரோஸ்டர் பொண்ணாண்ட சொல்லிடுங்க. குமரன் வாபஸ் மெயில் போட்டுட்டானாம். என்னாண்ட சொல்லல, கேப்டன்தான் சொன்னாரு.

4.20. அத்தை.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் அத்தை."

"பொய். கேரியர் உன்னாண்ட கீது, அதுல இன்னா இருந்துதுன்னு சொல்லு."

தொறக்கல. சொல்ல முடில.

"தக்காளி சோறு. ஊசிப் போயிருக்கும், கொட்டிடு. ஞாயித்துக்கெழம வா, கொழம்பு வெக்கிறேன். குமரன் பேச மாட்டான். கொஞ்ச நாளு ஆவும். நீ வா."

"சரி அத்தை."

"உன்ன மன்னிச்சேன்னுலாம் சொல்ல வரல. அது எனக்குத் தெரில. என்னயே மன்னிக்கத் தெரில. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அந்த வார்த்தைய இனிமே யாராண்டயும் சொல்லாத. எவ்ளோ அவசரமா இருந்தாலும். ஆமான்னு சொல்லு, இல்லன்னு சொல்லு, செத்துப் போன்னு கூட சொல்லு. அத சொல்லாத."

"சொல்ல மாட்டேன் அத்தை."

வெச்சிட்டாங்க.

கேரியர தொறந்தேன். ஊசித்தான் போயிருந்துது. கொட்டல, ரெண்டு வாய் சாப்ட்டேன்.

சொல்ல மாட்டேன்னுட்டேன். அது சொல்லாம ரேடியோல பேசவே முடியாது. ஒரு பிளைட்டுக்கு நாலு வாட்டியாவது நான் சொல்லணும், ஆறு வாட்டியாவது எனக்கு சொல்லுவாங்க. அவங்களுக்கு அது தெரியாது. நான் சொல்லல.

5.35. கேப்டன்.

"பிரபு, சிமுலேட்டர் ஆறு மணிக்குள்ள சொல்லணும்பா. ஸ்லாட் போயிடும். கன்ஃபார்ம் பண்ணட்டுமா?"

வாய்ல வந்துட்டுது. நாக்கு நுனி வரிக்கும். முழுங்குனேன்.

"இல்ல கேப்டன்."

"இல்லன்னா? இந்த மாசம் இல்லயா, மொத்தமா இல்லயா? பிரபு? ஹலோ?"

மாடிக்கு மேல சத்தம். மிக்ஸி. ஒண்ணு ஸ்பீடு கம்மி.

போன் ஆஃப் பண்ணிட்டேன்.